மிளகாய்க்கு அப்புறம் அரிசியை அரைத்தது யார்?

எங்கள் அப்பா பினாங்கில் மாவு மில் வைத்திருந்தார். லெபோ பசாரை எங்கள் ஆட்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மில். மில்லுக்கு ஒரு முறை உண்டு. காலையில் முதலில் பச்சரிசி, அப்புறம் உளுந்து, கடலைப்பருப்பு. பதினொரு மணிக்கு மேல் மல்லி, சீரகம், மஞ்சள். மிளகாய் எப்போதும் கடைசி. மிளகாய் ஓடிய கல்லில் அரிசியைப் போட்டால் மாவு பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், வாயில் வைத்தால் எரியும். அதனால் சாயங்காலம் மிளகாய் முடிந்ததும் ஒரு கிலோ மட்ட அரிசியைப் போட்டு ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்வோம். அந்த மாவு விற்பனைக்கு இல்லை, பசை காய்ச்சத்தான் போகும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கையில் ஒரு அம்மா மூன்று கிலோ மாவோடு திரும்பி வந்தார். "இடியாப்பம் பிழிஞ்சேன் அண்ணே, பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு ஓடுதுங்க." அவருடைய அரிசிதான் அன்று காலை முதல் ஈடு. முந்தின நாள் சாயங்காலம் கல்லைச் சுத்தம் செய்ததை நானே பார்த்தேன். அப்புறம் எப்படிக் காரம் வந்தது?

அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாவுக்கு வேறு மாவு கொடுத்து அனுப்பிவிட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரைப் போய்ப் பார்த்தார். தினமும் கடை சாத்தும்போது மீட்டர் எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் அங்கே எழுதி வைப்பது அவர் வழக்கம். ராத்திரியில் ஒரே ஒரு பல்பு எரியும், அவ்வளவுதான். ஆனால் மீட்டர் நான்கு யூனிட் ஏறியிருந்தது. பத்து குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட். ஆக, ராத்திரி யாரோ அரை மணி நேரம் மில்லை ஓட்டியிருக்கிறார்கள். மாடியில் படுத்திருந்தவர் ஒருவர்தான். வேறொரு கடைக்காக அவர் திருட்டுத்தனமாக மிளகாய் அரைத்திருக்கிறார். எல்லாம் சரியாகச் செய்தவர் கல்லைச் சுத்தம் செய்ய மறந்துவிட்டார்.

கடைவீதியில் நடக்கும் மர்மக்கதை எழுத வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் இந்தக் கதையைத்தான் நான் முதலில் சொல்கிறேன். கடை என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கு எங்கேயோ பிசகும். பிசகியதைப் படிக்கத் தெரிந்தவர் கடைக்காரர் மட்டும்தான், போலீசுக்கு அது கண்ணில்கூடப் படாது. இந்த மூன்றும் கையில் இருந்தால் நாவலுக்குப் பாதி வேலை முடிந்தது.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குக் கோஸி மிஸ்டரி என்று பெயர். சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பேக்கரியோ, புத்தகக் கடையோ, பின்னல் நூல் விற்கும் கடையோ நடத்தும் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், தொழில்முறை அனுபவம் எதுவும் இல்லாமல் துப்பறிவார். கொலை திரைக்குப் பின்னால் நடந்து முடியும். ரத்தத்தை விவரிப்பதில்லை, படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கடையில் ஒரு பூனை இருக்கும், புத்தகத்தின் கடைசியில் சமையல் குறிப்பு இருக்கும். அமெரிக்காவில் மாலிஸ் டொமெஸ்டிக் என்று 1989 முதல் இதற்கென்றே ஆண்டுதோறும் கூட்டம் நடத்தி, அகதா என்ற பெயரில் பரிசும் கொடுக்கிறார்கள்.

நம் வாசகர்கள் பழகியது வேறு. மாத நாவல்களில் முதல் பக்கத்திலேயே பிணம் விழும், மூன்றாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதிப்பார். நானும் அவற்றை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்து வளர்ந்தவள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோஸிக்கு வேகம் வேறு. வாசகர் அந்தக் கடையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த மாதிரி இருக்க வேண்டும்.

என் முதல் முயற்சி படுதோல்வி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, இங்கிலாந்தில் ஒரு கிராமம், பனி கொட்டுகிறது, கேக் கடை, கடைக்காரி பெயர் மார்கரெட் என்று 140 பக்கம் எழுதினேன். பனியை நான் ஐஸ் பெட்டியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என் நாத்தனார் சுங்கை நிபோங்கில் பூக்கடை வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணி, இந்தம்மா ஏன் நாலு மணிக்கே கடையைச் சாத்துது? மிஞ்சின கேக்கை என்ன பண்ணுது?" எனக்குத் தெரியவில்லை. மார்கரெட்டுக்கு மாவு யார் கொண்டுவந்து போடுகிறார்கள், வாடகை எவ்வளவு, கடன் கொடுப்பாளா, ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கட்டு இன்னும் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது.

அதனால் முதல் வேலை, உங்களுக்கு உள்பக்கம் தெரிந்த கடையை எடுத்துக்கொள்வது. நீங்கள் நடத்தியிருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் அத்தை நடத்தியிருக்கலாம், பள்ளி விடுமுறையில் நீங்கள் அங்கே பொட்டலம் கட்டியிருக்கலாம். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர் காலத்தில் மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். பின்னால் அவர் கதைகளில் விஷம் அவ்வளவு நம்பும்படி வந்ததற்கு அந்த அலமாரிகள்தான் காரணம். நமக்கு மருந்து அலமாரி இல்லாவிட்டால் மசாலா அலமாரி.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: ஊரில் வேறு யாருக்கும் தெரியாத எது இந்தக் கடைக்குத் தெரியும்? தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் மூன்று மாதத்தில் இரண்டு அங்குலம் மெலிந்துவிட்டாள் என்பது புருஷனுக்கு முன்னால் ரவிக்கை தைப்பவருக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவரிடம் இதைவிடப் பெரிய சுரங்கம் இருக்கிறது. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் முதல் புரூஃபில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. நடுவில் என்ன நடந்தது? பூக்கடைக்காரிக்கு யார் வீட்டில் வெள்ளிக்கிழமை பூ நின்றுபோனது என்று தெரியும். காசு மாற்றும் கடைப் பாய்க்கு, ஊரைவிட்டு யார் கிளம்பப் போகிறார்கள் என்பது ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும்.

அடகுக்கடைக்குத் தனியாக ஒரு வரம் உண்டு, அங்கே சட்டமே உங்களுக்குக் கதை கட்டிக் கொடுக்கும். நம் மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் அடகுச் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது, மீட்க ஆறு மாதத் தவணை. ஒரு சங்கிலியை வைத்தவர் ஐந்தாம் மாதக் கடைசியில் செத்துப்போகிறார் என்று வையுங்கள். ரசீது யார் கையில் இருக்கிறது? இன்னும் எத்தனை நாள்? கதை தானாக ஓடத் தொடங்கும்.

சாப்பாட்டுக் கடையை மட்டும் முதல் நாவலுக்கு வேண்டாம் என்பேன். பினாங்கு என்றதும் எல்லாரும் நாசி கண்டார் கடையைத்தான் எழுத வருகிறார்கள். அந்தக் கடையில் நின்று பார்த்தால் தெரியும். மத்தியானம் வரிசை வீதிவரைக்கும் நிற்கிறது, குழம்பு ஊற்றுகிறவருக்கு மூக்கைச் சொறிய நேரமில்லை, அவர் எப்போது துப்பறிவார்? ஆளும் மாறிக்கொண்டே இருக்கும். கோஸிக்கு வேண்டியது ஆள் குறைவாக வந்து, அதிக நேரம் நிற்கும் கடை.

அடுத்தது ஊர். உண்மையான தெருவை வைத்தால் உண்மையான கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் என் கதைகளெல்லாம் பெக்கான் ஹாலியா என்ற ஊரில் நடக்கின்றன. அப்படி ஓர் ஊர் இல்லை. நிபோங் திபாலுக்கும் பாரிட் புந்தாருக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி நானாக வைத்துக்கொண்டேன். ஒரே நீளக் கடைவீதி, ரயில் நிலையம், மாரியம்மன் கோயில், சீனர் கோயில், பள்ளிவாசல், ஒரு கிளினிக். ஊர் கற்பனை, ஆனால் அதைச் சுற்றி இருப்பதெல்லாம் உண்மை: பட்டர்வொர்த், பாலம், ஃபெரி, தோட்டங்கள். கேலடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகையை வைத்து எழுதுங்களேன் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே 1948இல் ராம்ஸ்டன் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அது துப்பாக்கிக் கதை, பேய்க் கதையும் ஆகிவிட்டது. எனக்கு வேண்டாம். என் பெக்கான் ஹாலியாவில் யாரிடமும் துப்பாக்கி கிடையாது.

கடைவீட்டின் அமைப்பை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடைவீடு குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும்: முன்னால் ஐந்தடி நடைபாதை, உள்ளே கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் சந்து. பல வீடுகளில் மாடி முன்னறைத் தரையில் ஒரு பலகையைத் தூக்கினால் ஓட்டை இருக்கும். கீழே கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே பார்க்கலாம். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? மேலே படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி, ராத்திரி வந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை, உச்சந்தலையை மட்டும் பார்த்தார். என் இரண்டாவது நாவல் முழுக்க அந்த உச்சந்தலையில்தான் நிற்கிறது.

சரி, யார் சாவது? குழந்தை கூடாது, நாய் பூனை கூடாது, வாசகர் மன்னிக்கவே மாட்டார். ஊரில் பலருக்கும் ஆகாத, ஆனால் முழுக்கக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாத ஒருவர். வட்டிக்குக் கொடுப்பவர், கோயில் கணக்கைப் பிடித்துக்கொண்டு விடாதவர், கடைக் கட்டடத்துச் சொந்தக்காரர். காரணமும் கடை உலகத்திலிருந்தே வரட்டும். எங்கள் ஊருக்கு வாடகை ஒன்றே போதும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் ரத்து செய்தார்கள், 2000 தொடங்கியதும் அது முழுசாக விலகியது. தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகைக்கு இருந்த குடும்பங்கள் ஜார்ஜ் டவுனைவிட்டுக் கிளம்பின. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் ஏறியதும் பழைய கட்டடங்களுக்கு வந்த மவுசு தனிக்கதை. எங்கள் மில்லும் அந்த அலையில்தான் மூடியது. வீட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தை அப்பா ஒரு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அந்தக் கோபத்தை நான் இதுவரை மூன்று கதையில் மூன்று பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன், இன்னும் மிச்சம் இருக்கிறது.

இன்னொரு காரணம், இது இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 500 வெள்ளி, 1000 வெள்ளி நோட்டுகள் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) 1999 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. இப்போது ஒரு கடைவீட்டைப் புதுப்பிக்கிறார்கள், சுவரை உடைக்கும்போது ஒரு மைலோ டின், உள்ளே கட்டுக்கட்டாக 1000 வெள்ளி நோட்டு. அதற்காக ஒருவர் கொலை செய்கிறார். அவர் 1999க்கு அப்புறம் பிறந்தவர், அல்லது அந்தச் சமயத்தில் நாட்டிலேயே இல்லாதவர். நோட்டைக் கொண்டுபோய் எந்தக் கடையில் நீட்டினாலும் மாட்டிக்கொள்வார், அதுவும் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் வயசான அம்மாவிடம் நீட்டினால் அப்போதே.

கதைக்கு எத்தனை நாள் என்பதில் எனக்கு ரொம்பக் குழப்பம் இருந்தது. ஆங்கிலக் கதைகளில் கடைசியில் எல்லாரையும் ஒரு வரவேற்பறையில் கூட்டி உட்காரவைத்துக் கொலையாளியைச் சொல்வார்கள். பெக்கான் ஹாலியாவில் யார் வீட்டில் அவ்வளவு பெரிய வரவேற்பறை? அப்புறம்தான் தோன்றியது, நமக்குப் பதினாறாம் நாள் காரியம் இருக்கிறதே. சாவு விழுந்ததிலிருந்து கருமாதிவரை பதினாறு நாள். வெளியூர்ச் சொந்தமெல்லாம் அதுவரை ஊரில் தங்கலாம், அல்லது போய்விட்டுத் திரும்பி வந்தே ஆகவேண்டும். பேசாதவர்கள்கூட ஒரே பந்தலில் உட்காருவார்கள். சொத்துப் பேச்சு அங்கேதான் எழும். அதற்கான சாமான் பட்டியல் நம் கடைக்குத்தான் வரும்: பச்சரிசி, எள்ளு, தர்ப்பை, நல்லெண்ணெய், வேட்டி. சாமான் கட்டிக் கொடுக்கும் சாக்கில் கடைக்காரி எந்த வீட்டுச் சமையல்கட்டுக்குள்ளும் போகலாம். சில குடும்பங்களில் நாள் கணக்கு மாறும், உங்கள் கதைக் குடும்பத்துக்கு எது வழக்கமோ அதை வையுங்கள்.

அந்த நாட்களை நான் குதிரைக் காலண்டரில் எழுதுகிறேன். பெரிய பெரிய கட்டம், பொதுவிடுமுறை, பள்ளி விடுமுறை, அமாவாசை, பௌர்ணமி எல்லாம் இருக்கும், குதிரைப் படம் இருந்தால் அன்றைக்குப் பந்தயம். கட்டத்துக்குள் பென்சிலால்: யார் எங்கே, கடை எத்தனை மணிக்குத் திறந்தது, யார் வந்தார். இதைச் செய்யாமல் எழுதினால் சீனப் பெருநாளன்று சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடைக்குக் கதாநாயகியை ஆணி வாங்க அனுப்பிவிடுவீர்கள். நான் அனுப்பினேன்.

பண்டிகையை அலங்காரத்துக்காக வைக்காமல் வேலைக்கு வையுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங் ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் மலை மலையாக உடையும். அன்று காலை அந்தப் பக்கம் பத்தே நிமிடத்தில் காரில் வந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான். வேறு சாட்சியம் தேவையில்லை.

இப்போது துப்புக்கு வருவோம். இந்த வகைக் கதையில் ஒரே சட்டம்தான் எனக்கு வேதம்: கடைக்காரி கண்டதை வாசகரும் கண்டிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று லண்டனிலிருந்து ஒரு கடிதம் வரக்கூடாது. எல்லாம் முன்பே கண்ணெதிரில் இருக்க வேண்டும், ஆனால் வாசகர் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

தாண்டிப் போகவைப்பது எப்படி? பட்டியலுக்கு நடுவில் வையுங்கள், பக்கத்திலேயே ஒரு சிரிப்பை வையுங்கள். நம் கடைகளில் கடன் எழுதும் சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்குமே, அது கடவுள் கொடுத்த கருவி. என் முதல் புத்தகத்தில் மில்லுக்காரி பாக்கியம் அதைப் புரட்டும் இடம் இது:

"தையல்கார அக்கா, பச்சரிசி ரெண்டு கிலோ, பாக்கி. பள்ளிக்கூட ஆயா, மல்லி அரை கிலோ, பாக்கி. சரோஜா பெரியம்மா, மஞ்சள் கால் கிலோ, கட்டியாச்சு. ரொட்டி பாய், பருப்பு மூணு கிலோ, பாக்கி. மாட்டுக்காரத் தாத்தா, தவிடு ஒரு மூட்டை, பாக்கி, போன மாசமும் பாக்கி, அதுக்கு முந்தின மாசமும் பாக்கி. பாக்கியம் நோட்டை மூடினாள். 'இவரு போறப்ப நோட்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கிட்டுப் போவாரு போல.'"

எல்லாரும் மாட்டுக்காரத் தாத்தாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். சரோஜா பெரியம்மா மாசக் கடைசிக்கு முன்னால் ஒரு காசு கொடுக்காதவர் என்று இருபது பக்கம் முன்பே எழுதியிருந்தேன். அவர் தேதி பதினொன்றிலேயே கணக்கை முடித்துவிட்டார். அன்று ராத்திரி மாடிப்படியில் விழுந்து செத்தார். ஊரைவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்த மனுஷி எதற்காக ராத்திரி மாடி ஏறினார் என்பதுதான் மொத்தக் கதையும்.

காசு விஷயத்தில் துப்பு வைத்தால் தேதி சரிபாருங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கக் கணக்கை ஐந்து சென்னுக்கு முழுதாக்கிவிடுகிறோம், ஒரு சென் காசு புழக்கத்தில் இல்லாமல் போய்விட்டது. ஆகவே 2010இல் 12 வெள்ளி 43 சென் ரொக்கமாகக் கொடுத்தேன் என்று ஒருவர் ரசீது காட்டினால் அது பின்னால் உட்கார்ந்து எழுதிய ரசீது. பாலத்தில் தீவுக்குள் வரும்போதுதான் டோல், வெளியே போக இல்லை. பழைய இரண்டு தட்டு ஃபெரியிலும் அப்படித்தான் இருந்தது, பட்டர்வொர்த் பக்கம் ஏறினால் 1 வெள்ளி 20 சென், தீவிலிருந்து போக இலவசம். "நான் அன்னைக்கு ராத்திரி பினாங்கிலேர்ந்து காசு கட்டி அக்கரைக்குப் போயிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் கடைக்காரி தலையைத் தூக்க மாட்டாள், பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே இருப்பாள். வாசகரும் கவனிக்காமல் விடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் அந்த வரியில் நிமிர்ந்து உட்காருவார்கள், அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

பொய்த்துப்பும் வேண்டும், ஆனால் ஒன்றிரண்டு போதும். ஒவ்வொரு பொய்த்துப்புக்கும் பின்னால் வேறொரு சின்ன ரகசியம் இருந்தால்தான் நியாயம். ராத்திரி ஒளிந்து ஒளிந்து போனவர் கொலைகாரர் இல்லை என்றால், எங்கேதான் போனார்? என் கதையில் ரொட்டி பாய் வயசான காலத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போனார்.

போலீசை முட்டாளாக்காதீர்கள். சந்தேகச் சாவு என்றால் போலீஸ் வரும், பிணத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனை செய்வார்கள், அந்த அறிக்கை நம் கடைக்காரிக்குக் கிடைக்காது. கிடைப்பதாக எழுதினால் அவள் கடைக்காரி இல்லை, மந்திரவாதி. அவளிடம் இருப்பது வாடிக்கையாளர் வாய் மட்டும்தான். என் சார்ஜன் மலாய்க்காரர், பெண்டாட்டி பலகாரம் சுட வாரம் ஒரு தடவை மாவு வாங்க வருவார். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் எந்த வீட்டைப் பற்றிக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பது பாக்கியத்துக்குப் போதும்.

அவர் பேச்சை எப்படி எழுதுவது? பாதி மலாய், பாதி தமிழ் என்று பக்கம் முழுக்க இறைத்தால் தமிழ்நாட்டு வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார், எல்லாரையும் ஒரே மாதிரித் தமிழ் பேசவிட்டால் நம் ஊர் வாசகர் மூடிவிடுவார். நான் செய்வது: வந்ததும் ஒரு வாக்கியம் மலாயில், "ஆச்சி, சூடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா என்று அர்த்தம்). அப்புறம் தமிழ், ஆனால் சின்னச் சின்ன வாக்கியமாக. பாக்கியம் அவரை "சார்ஜன்" என்பாள். சீனர் இரும்புக்கடைக்காரர் அவளுக்குத் தவுக்கே, அவருக்கு அவள் வெறும் "மில் அம்மா". தமிழ் ஆட்கள் அவளை அக்கா என்றோ பெரியம்மா என்றோ கூப்பிடுவார்கள். யார் திடீரென்று முறையை மாற்றிக் கூப்பிட்டார்கள் என்பதே ஒரு துப்பாகலாம். இருபது வருஷம் "மாமா" என்றவன் ஒரு நாள் "அவரு" என்கிறான் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

கொலையாளியைக் கண்டுபிடித்ததும் கடைக்காரி கத்திச் சண்டை போட வேண்டியதில்லை. கருமாதிப் பந்தியில், ஐம்பது பேர் பார்க்க, ஒரு சாதாரணக் கேள்வி கேட்டால் போதும். பதில் வராது. எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்துவார்கள்.

சமையல் குறிப்பு சேர்ப்பதானால் நீங்கள் செய்து பார்த்ததை மட்டும் போடுங்கள், அளவைப் பால் டின் கணக்கில் சொல்லுங்கள், நம் வீடுகளில் அரிசி அளப்பது அதில்தானே. அச்சடிக்கும் கதை நீளமானது. ஒன்று மட்டும் சொல்கிறேன், புரூஃபைக் கடைசிப் பக்கம்வரை நீங்களே பாருங்கள். என் முதல் புத்தகத்தில் அச்சகத்தார் பதினெட்டாம் அத்தியாயத்தைப் பதினாறுக்கு முன்னால் சேர்த்துவிட்டார்கள். 300 பிரதியிலும் கொலையாளி இரண்டு அத்தியாயம் முன்னதாகவே அகப்பட்டார்.

எழுதி முடித்ததும் எழுத்தாளரிடம் கொடுக்காமல் கடை வைத்திருப்பவரிடம் கொடுங்கள். என் நாத்தனார் இப்போது ஒவ்வொரு கதையையும் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டே படிக்கிறார், ஓரத்தில் பூக்காம்பின் ஈரக் கறையோடு குறிப்பு வரும். கடைசிப் புத்தகத்தில் வந்தவை: "பக்கம் 34, ஆடி மாசம் இவ்வளவு பத்திரிகை ஆர்டரா?" "பக்கம் 61, சில்லறை வாங்காமலே போயிட்டா." "பக்கம் 112, மில்லை மிளகாயோட நிறுத்திட்டுப் போறாளே, கல்லைச் சுத்தம் பண்ணலையா? இல்ல இதுதான் துப்பா?"

துப்பு இல்லை. மறந்துவிட்டேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து அதைத் துப்பாக்கினேன்.